அத்தை பேசாத வரை

எங்கள் ஊர் பஸ்ஸுக்கு வழித்தடம் என்று ஒன்று கிடையாது. ஏறுகிறவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போகும். நடுவில் இன்னொருவர் ஏறி வேறு பக்கம் கைகாட்டினால் அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் தீவு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவில் நான் பல வருஷமாக இப்படித்தான் வண்டி ஓட்டுகிறேன். அரசாங்கமும் இப்படித்தான் ஓடுகிறது என்று மேவிஸ் சொல்வாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என் வண்டி சுற்றிச் சுற்றியாவது எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதை அரசாங்கத்தோடு ஒப்பிடுவது அநியாயம்.

மேவிஸ், வடக்கே இருக்கும் பாங்க்ஸ் தீவுக்காரி. ஐம்பது வயது இருக்கும். பருத்த உடம்பு, பூப்போட்ட தொளதொள கவுன், எப்போது வெடிக்கும் என்று தெரியாத சிரிப்பு. வயசுப் பெண்ணாக இருந்தபோது கொப்பரை ஏற்றி வந்த கப்பலில் தலைநகருக்கு வந்து, வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் அறை கூட்டும் வேலையில் சேர்ந்தாள். விருந்தாளியைப் பார்த்தால் எப்போதும் சிரிக்க வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. ஒருநாள் கக்கூஸ் அடைத்துக்கொண்டு அறையெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் கத்திக்கொண்டு வந்தார். மேவிஸ் உத்தரவை மீறாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அன்று மாலையே வேலை போயிற்று.

அதற்குப் பிறகுதான் காயல் ஓரத்துச் சந்தில், அந்த நிலம் சொந்தமான கிராமத்தின் தலைவரைக் கேட்டு, ஒரு கொட்டகை போட்டாள். அதுதான் நகமல், அதாவது நாங்கள் காவா என்கிற மயக்கம் தரும் வேர்ச்சாறு குடிக்கிற இடம். பொழுது சாயும்போது வாசலில் விளக்குத் தொங்கினால் காவா தயார் என்று அர்த்தம். சிரட்டையை வாங்கிக்கொண்டு ஓரமாகத் திரும்பி நின்று ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், காறித் துப்ப வேண்டும், பெஞ்சில் போய் உட்கார வேண்டும். உரக்கப் பேசக் கூடாது. காவா கேட்பது அமைதியை. அதனால் எல்லாரும் கிசுகிசுப்போம். எங்கள் நாட்டில் அரசாங்கங்கள் அடிக்கடி கவிழ்வதற்குக் காரணம் இந்தக் கிசுகிசுப்புதான் என்பது என் கட்சி. இருட்டு, மெல்லிய குரல், பக்கத்தில் ஒரு எம்.பி. வேறென்ன வேண்டும்?

மேவிஸுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும். பகலில் ரேடியோவில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டிய இரண்டு பேர் மாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், அவள் சிரட்டையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொல்வாள்: "ஓபெட் அண்ணே, அடுத்த வாரம் ஆபீஸ் பக்கம் சவாரி கம்மியா இருக்கும். மந்திரிங்க ரூம் காலி பண்ணுவாங்க." அப்படியே நடக்கும்.

அவள் புருஷன் பாதி வருஷம் நியூசிலாந்தில் ஆப்பிள் மரத்துக்குப் புருஷன், மீதி வருஷம் இவளுக்கு. எங்கள் ஊரில் பாதிப்பேர் கதை அதுதான். காவா வேர் இடிக்க அவளிடம் இருந்த இளவட்டங்கள் பழம் பறிக்கப் போனார்கள். பிறகு போலீஸ்காரர் போனார். தலைமையாசிரியரும் போனார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, ஆனால் பிள்ளைகள் காலில் நல்ல செருப்பு இருக்கிறது. பொருளாதாரம் வளர்கிறது என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் மேவிஸ் உலக்கையை நீட்டுவாள். "வளர்ந்தவங்க யாராச்சும் வந்து இதைக் கொஞ்சம் இடிங்கப்பா" என்பாள்.

சந்தில் அவளுக்கு அடுத்த இடம் லெய்சாவுடையது. ஙுனா தீவுக்காரி, ஒல்லி, வாய் கொஞ்சம் கூர்மை. காவா குடித்த கசப்புப் போக ஒரு வாய் தின்ன வேண்டும். அதற்கு வாய்கழுவி என்று பெயர். லெய்சா கோழிச் சிறகு சுடுவாள், வாழையிலையில் கிழங்கு மாவு வைத்து அவிப்பாள். மேவிஸிடம் கசப்பு, லெய்சாவிடம் ருசி. ஒன்றில்லாமல் இன்னொன்று ஓடாது. இன்னும் தள்ளிப் பழைய துணி விற்பவர்கள், முடிவெட்டுகிறவர், இப்படிச் சிலர்.

ஒருநாள் லெய்சா கரியும் கையுமாக நகமலுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, மஞ்சச் சட்டை போட்டவனுங்க வந்து குச்சி நட்டுட்டுப் போறானுங்க. என் அடுப்புக்குப் பின்னாடி ஒண்ணு, உன் வாசல்ல ஒண்ணு."

"என்ன செடிடி அது? தண்ணி ஊத்தணுமா?"

"விளையாடாதே. மாநாட்டு மண்டபம் வருதாம். வெளிநாட்டுக் கடன். நம்ம சந்து மொத்தமும் அதோட வண்டி நிறுத்துற இடமாம்."

மேவிஸ் வாசலுக்குப் போய் அந்தக் குச்சியைப் பார்த்தாள். அதன் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இந்தக் கொட்டகை போனால் அவளுக்கு வேறு ஒன்றுமில்லை. இனி ஹோட்டலுக்குப் போய்ச் சிரிக்கவும் முடியாது. கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டாள்.

"உங்க ஆளுதான். வோமெட்."

அப்போதுதான் அவள் சிரிப்பு வெடித்தது.

வில்ஃப்ரெட் வோமெட்டை இந்த நாட்டில் தெரியாதவர் இல்லை. எந்த அரசாங்கம் வந்தாலும் அவர் அதில் மந்திரி. கவிழ்ப்பதற்கு முந்தைய நாள் வரை ஒரு பக்கம், கவிழ்த்த மறுநாள் காலை இன்னொரு பக்கம். கோட்டு மட்டும் மாறாது. இந்த வோமெட், மேவிஸுடைய அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அத்தை புருஷன்.

பாங்க்ஸ் தீவுகளில் ஒரு முறை உண்டு. எங்கள் பாமா தீவில் அது இல்லை. இருந்திருந்தால் என் அத்தை புருஷன் ஊரைவிட்டே ஓடியிருப்பார். அங்கே அத்தை புருஷனை எங்கே கண்டாலும், யார் முன்னாலும் கேலி செய்யலாம். பொரோபொரோ என்பார்கள். அவர் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் கேலி உறைத்துவிட்டது என்று ஊரே சிரிக்கும், அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் அத்தை விஷயம் தலைகீழ். அவள் பெயரைக்கூட வாயால் சொல்லக் கூடாது, அவள் உட்கார்ந்திருந்தால் நிற்கக் கூடாது, அவள் ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது.

இந்த உரிமையை மேவிஸ் பாவாடை கட்டின நாள் முதல் பயன்படுத்தி வந்தாள். அதனாலேயே வோமெட் அவள் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஊரில் உள்ள எல்லா நகமலிலும் குடிப்பார், இவளிடம் மட்டும் வரமாட்டார். அவரே கையெழுத்துப் போட்டு அவள் வாசலில் குச்சி நட்டது திட்டத்துக்காகவா, நிம்மதிக்காகவா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மண்டபத்துக்கு மண் தோண்டுகிற விழா நடந்தது. பந்தல், இசைக்குழு, பூமாலை. மந்திரி கோட்டோடு நின்று பேசினார். வளர்ச்சி என்றார், உலகமே இங்கே வந்து கூடும் என்றார். கடனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். சந்துக்காரர்கள் எல்லாம் பின்னால் கூடியிருந்தோம். மேவிஸ் கையில் ஒரு பவுடர் டப்பா இருந்தது.

அவள் நேராக மேடைக்கு நடந்தாள். காவலாளிகள் நகர்வதற்குள் டப்பாவைத் திறந்து மந்திரி தலையில் கவிழ்த்தாள்.

"ஐயோ பாவம், எங்க மாமாவுக்கு வயசாயிடுச்சு பாருங்க! தலை முழுக்க நரைச்சுப்போச்சு. எத்தனை அரசாங்கத்தைத் தாண்டிக் குதிச்சிருக்கார், இடுப்பு என்னத்துக்காகும்?"

பாங்க்ஸ் தீவுக்காரர்கள் பக்கமிருந்து ஓவென்று சிரிப்பு எழுந்தது. காவலாளி ஒருவன் அவள் கையைப் பிடித்தான். மந்திரியின் கண் சிவந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் எதிரே நிற்பது அவருடைய ஓட்டு.

"விடுப்பா, விடு. என் மருமகதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

பொறியாளர் இது ஏதோ இந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். தானும் முன்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பயபக்தியாகத் தலையைக் குனிந்தார். மேவிஸ் அவரையும் ஏமாற்றவில்லை. மிச்சமிருந்ததைத் தட்டித் தட்டிக் கொட்டினாள்.

"எங்க மாமா தங்கமானவர், தெரியுமா? நாட்டுக்கு ஒண்ணும் செய்யமாட்டார், சொந்தக்காரனுக்கு மட்டும்தான் செய்வார்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு என்ன செஞ்சிருக்கார்னு பாருங்க, வாசல்ல அழகா ஒரு குச்சி நட்டு வெச்சிருக்கார்!"

மறுநாள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. வோமெட்டுக்கு இப்போது இக்கட்டு. புல்டோசர் விட்டு அவள் கொட்டகையை இடித்தால் கேலி தாங்காமல் இடித்தான் என்றாகிவிடும். அவளாகவே எழுந்து போக வேண்டும். அவளை எழுப்பக்கூடிய ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள்.

இரண்டொரு நாளில் ஒரு காலை, மந்திரி வீட்டு வாசலில் ஒரு அம்மாள் என் வண்டியைக் கை நீட்டி நிறுத்தினாள். குட்டையான உருவம், தோள்வரை நரைத்த சுருட்டை முடி, கையில் ஒரு ஓலைப்பை. அரசாங்கக் கார் உள்ளே சும்மாதான் நின்றது.

"எங்கம்மா போகணும்?"

"மேவிஸ்கிட்ட."

அத்தைதான் என்று புரிந்தது. காய்கறி மார்க்கெட்டைச் சுற்றி, துறைமுகத்தைச் சுற்றி, போக வேண்டாத தெருவெல்லாம் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "தம்பி, இந்த சர்ச் கட்டடத்தை நாம முன்னாடியே பார்த்தாச்சு" என்றாள். பிறகு நேராகப் போனேன்.

அத்தை உள்ளே நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மேவிஸ் அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டாள். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாகச் சுருங்கி நான் பார்த்ததில்லை. லெய்சா வாசலில் நின்று அடுப்பூதும் குழாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வரச் சொன்னார்."

"சொல்லுங்க அத்தை."

அத்தை கூரையைப் பார்த்தாள், காயலைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்திருந்த சிரட்டைகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டா நீ போயிருவ, இல்ல?"

"ஆமா அத்தை. நீங்க சொன்னா இன்னிக்கே போயிருவேன்."

"அப்ப இன்னிக்கு வேணாம்" என்றாள் அத்தை. "பாய் இருக்கா? கொஞ்சம் படுக்கணும்."

மேவிஸ் பாய் விரித்தாள். அத்தை படுத்தாள், தூங்கினாள், மாலையில் எழுந்து முகம் கழுவினாள். லெய்சா கொண்டுவந்து வைத்த கோழிச் சிறகைச் சாப்பிட்டாள். மறுநாளும் இருந்தாள். அதற்கு மறுநாளும். ஓலைப்பையிலிருந்து பாய் பின்னும் ஓலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் செய்தியை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத சொல்லுக்கு யார் கட்டுப்பட வேண்டும்?

வோமெட் செய்த தப்பு அதுதான். பெண்டாட்டி வாயைத் தன் வாய் என்று நினைத்துவிட்டார்.

நான் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன், வீட்டுக்குப் போகவில்லையா என்று. மந்திரி வீட்டில் விடியும் முன்பே வாசலில் கூட்டம் நிற்குமாம். ஒருவனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், ஒருவனுக்குச் சாவுச் செலவு, ஒருவனுக்குப் படகு எஞ்சின். அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துக் கை தேய்ந்துவிட்டது என்றாள். "இங்க எவனும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல தம்பி. எல்லாரும் குடிச்சிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்காங்க. எவ்வளவு நல்லாருக்கு" என்றாள்.

மந்திரியிடமிருந்து தினமும் போன் வரும். காவா குடிக்கிற அமைதியில் அவர் குரல் எங்களுக்கெல்லாம் கேட்கும்.

"சொல்லிட்டியா?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்ன?"

"இன்னிக்கும் அதேதான் சொல்றேன். பேச்சு மாத்தறது நானா நீங்களா?"

மேவிஸ் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். அத்தை முன்னால் அத்தை புருஷனைக் கேலி செய்யலாம், ஆனால் அத்தை பேசும்போது சிரிக்கக் கூடாதாம். லெய்சாவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இன்னும் இரண்டு சிறகை அத்தை தட்டில் வைப்பாள். அத்தைக்கு மூன்று வேளையும் அவள்தான் போட்டாள். காசு என்ற பேச்சையே எடுக்கவில்லை. "இந்த அம்மா வாயில சோறு இருக்கிறவரைக்கும் நம்ம சந்து நிக்கும்" என்பாள். துணிக்காரர்களும் முடிவெட்டுகிறவரும் ஆளுக்கொரு வாழைத்தார், ஆளுக்கொரு தலையணை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பிரதமர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வழக்கம்போல இரண்டு பக்கமும் தங்கள் எம்.பி.க்களை ஆளுக்கொரு ஹோட்டலில் அடைத்துப் பூட்டினார்கள். வோமெட் மலைமேல் ஹோட்டலில் இருந்தார். அப்போது ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. நான் கிளப்பவில்லை, என் வண்டியில் ஏறினவர்களுக்கு ஏறின இடத்திலிருந்து இறங்குகிற இடம்வரை சொன்னேன், அவ்வளவுதான். மந்திரி பெண்டாட்டியே கட்சி மாறி மேவிஸ் பக்கம் போய்விட்டாள் என்பது வதந்தி.

பாங்க்ஸ் தீவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நகமலுக்கு வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சொந்த வீட்டில் ஓட்டில்லாதவனுக்கு நாம் ஏன் ஓட்டுப் போடணும் என்று ஒருவன் சொன்னது மலைமேல் எட்டியிருக்க வேண்டும். அன்று மாலை விளக்கு ஏற்றின கொஞ்ச நேரத்தில் வோமெட் வந்து இறங்கினார். கோட்டு இல்லை. முகம் தொங்கிப் போயிருந்தது.

உள்ளே இருந்த எல்லாரும் சிரட்டையைக் கீழே வைத்தோம். மேவிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க மாமா, வாங்க. வழி தெரிஞ்சுதா? ஹோட்டல்ல பூட்டிவெச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். கூண்டைத் திறந்து விட்டாங்களா, இல்ல கம்பிக்கு நடுவுல பூந்து வந்தீங்களா? கொஞ்சம் இளைச்சாப்புல இருக்கீங்க."

அவர் அவளைப் பார்க்கவேயில்லை. மூலையில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்தார்.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

அத்தை ஓலையை இழுத்துப் பின்னினாள். "நீங்க சொல்லச் சொன்னதை நான் இன்னும் சொல்லலியே. வேலையை முடிக்காம எப்படி வர்றது?"

"சொல்ல வேணாம் விடு."

"நானும் சொல்லாம, நீங்களும் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்தா, நாளைக்கு மறுபடி அனுப்புவீங்க. எனக்கு முழங்கால் வலி."

வோமெட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்காக நான் கொஞ்சம் இரக்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். ஐந்தாறு பிரதமர்களைத் தூக்கிச் சாப்பிட்ட மனுஷன், ஒரு பாய் பின்னும் பெண்ணிடம் வந்து விழிக்கிறார்.

"சரி. வண்டி நிறுத்துற இடத்து மதிலை வளைச்சுக் கட்டச் சொல்றேன். மேவிஸோட நகமலை விட்டுட்டுக் கட்டுவாங்க. போதுமா?"

அத்தை ஓலையைச் சுருட்டினாள். "அவகிட்ட ஒரு சிரட்டை வாங்கிக் குடிங்க. எல்லார் முன்னாடியும் குடிச்சாத்தான் சொன்னது நிக்கும்."

மேவிஸ் இருப்பதிலேயே பெரிய சிரட்டையை எடுத்து விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். மந்திரி ஓரமாகத் திரும்பிக் குடித்தார். கெட்டியான காவா, பாதியில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாத்து மாமா, திரும்பி நிக்கிறீங்க, அந்தப் பக்கம் எதிர்க்கட்சி இருக்கப்போகுது. அப்படியே போயிடாதீங்க!" என்றாள் மேவிஸ்.

நகமலில் எல்லாரும் சேர்ந்து உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்று கூரை அதிர்ந்தது. லெய்சாதான் முதலில் கைதட்டினாள். ஓடிப்போய் நல்லதாக ஒரு கோழிச் சிறகைக் கொண்டுவந்து, "வாய் கழுவுங்க பாஸ்" என்று மந்திரி கையில் கொடுத்தாள். அவர் அதையும் தின்றார். அத்தை ஓலைப்பையை எடுத்துக்கொண்டு புருஷனோடு காரில் ஏறிப் போனாள். மேவிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாருமே சிரித்துக்கொண்டிருந்தோம். மற்றக் கடைகள் என்ன ஆகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அரசாங்கம் கவிழ்ந்தது. வோமெட் கவிழவில்லை. புது அரசாங்கத்தில் அதே நாற்காலி, அதே கோட்டு. மஞ்சள் புல்டோசர் ஒரு காலை காயல் சந்துக்குள் வந்தது. துணிக்கடைகளைத் தள்ளியது. முடிவெட்டுகிறவருடைய கண்ணாடியை அவர் தூக்கிக்கொண்டு ஓடினார். லெய்சாவின் அடுப்புமேல் ஏறி இறங்கியது. மேவிஸ் நகமலின் வேலிக்கு அருகே வந்ததும் மரியாதையாக வளைந்து திரும்பிப் போயிற்று. நேராக வரும் மதில் அந்த ஒரு இடத்தில் மட்டும் உள்ளே குழிந்து வளைவதை இப்போதும் பார்க்கலாம்.

மேவிஸ் புல்டோசருக்கு முன்னால் போய்க் கத்தினாள். ஓட்டுகிறவன் காதில் எதையோ மாட்டியிருந்தான். லெய்சா கத்தவில்லை. கோழி சுடுகிற இரும்பு வலை கிடந்ததை எடுத்து மண்ணைத் தட்டினாள், துணியில் சுற்றினாள், போனாள். போகும்போது மேவிஸ் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு வோமெட் தினமும் மாலை நகமலுக்கு வர ஆரம்பித்தார். இனி அவருக்கு என்ன பயம்? ஒருநாள் இரண்டு சிரட்டை இறங்கியதும், பெஞ்சில் சாய்ந்துகொண்டு, அடங்கிய குரலில் மேவிஸைக் கூப்பிட்டார்.

"மருமகளே, வோமெட் சொந்தக்காரனுக்கு மட்டும்தான் செய்வான்னு ஊர் முன்னாடி சொன்னியே. அன்னிக்கு அது பொய். இன்னிக்கு இந்தச் சந்துல எந்தக் கடை நிக்குதுன்னு எட்டிப் பாரு. இப்ப சொல்லு, நான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்."

கேலி செய்கிற முறை இரண்டு பக்கமும் உண்டு. அவள் கோபப்படக் கூடாது. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம், ஏதாவது வரும் என்று. மேவிஸ் சிரட்டையைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். எனக்கு அந்த மனுஷன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட, அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லையே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மேவிஸ் என் வண்டியில் ஏறினாள். லெய்சா இப்போது ஊருக்கு வெளியே, விமான நிலையம் போகிற ரோட்டில் ஒரு மரத்தடியில் அடுப்பு வைத்திருந்தாள். அங்கே குடிக்கிறவன் யாரும் இல்லை. என்னைப் போன்ற டிரைவர்கள் பசிக்குச் சாப்பிடுவார்கள். துணிக்காரர் ஒருவரும் பக்கத்தில் சாக்கு விரித்திருந்தார். மேவிஸ் இறங்கிப் போய் நின்றாள்.

"லெய்சா, வந்துருடி. என் வேலிக்குள்ளேயே பாதி இடம் உனக்கு. அடுப்புக்கு நான் கல்லு போட்டு வெச்சிருக்கேன். எவன் கேக்கறான்னு பாக்கலாம்."

லெய்சா சிறகைப் புரட்டிப் போட்டாள். "உங்க மாமாவைக் கேட்டியா?"

"அவரை எதுக்குக் கேக்கணும்?"

"கேக்காம நான் வந்து உக்காந்தா என்னைத் தூக்குவாங்க. கேட்டுட்டு வந்தா நானும் உங்க மாமா ஆளு. இவரு?" துணிக்காரரைக் காட்டினாள். "அந்த முடிவெட்டறவரு? அவங்களையும் உன் வேலிக்குள்ள வெச்சுக்குவியா?"

மேவிஸ் அங்கேயே அடுப்புக்குப் பக்கத்தில், புழுதியில், பூப்போட்ட கவுனோடு உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு அக்கா" என்றாள் லெய்சா. குரலில் கோபம்கூட இல்லை. "இது மாமா இல்லாதவங்க இருக்கிற இடம். உனக்கு இங்க என்ன வேலை?"